நெல்லைக்காரர்களுக்கு எது அருகில்: மதுரையா, வாகைக்குளமா?

கண் சிகிச்சைக்காக அம்மாவைப் பாளையங்கோட்டையிலிருந்து சென்னைக்கு அடிக்கடி அழைத்துச் செல்ல வேண்டியிருந்ததால், மதுரை விமான நிலையத்தையும் வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்தையும் மாறி மாறிப் பயன்படுத்திப் பார்த்தேன். இப்போது வாகைக்குளத்தையே வழக்கமாக்கிக்கொண்டுவிட்டேன்.

வான்வழித் தொலைவை மட்டும் வைத்துப் பார்த்தால் மதுரைதான் முந்துகிறது. சென்னையிலிருந்து நேர்க்கோட்டில் மதுரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர், தூத்துக்குடி ஏறத்தாழ 530 கிலோமீட்டர். மதுரைக்கு ஜெட் விமானமும் கிடைக்கும். தூத்துக்குடிக்கு நான் சென்றதெல்லாம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஏடிஆர் விசிறி விமானத்தில்தான். ஆனாலும் இவ்வளவு குறுகிய தொலைவில் ஜெட் விமானம் ஏறுவதற்கும் இறங்குவதற்குமே பெரும்பங்கு நேரம் போய்விடுவதால் அதன் வேகம் முழுமையாகப் பயன்படுவதில்லை. பயணச்சீட்டில் போட்டிருக்கும் நேரத்தை ஒப்பிட்டால் வித்தியாசம் கால் மணியிலிருந்து அரை மணிக்குள் அடங்கிவிடுகிறது.

உண்மையான வித்தியாசம் தரையில்தான் இருக்கிறது. வாகைக்குளத்திலிருந்து பாளையங்கோட்டை 35 கிலோமீட்டருக்குள்தான். வல்லநாடு தாண்டித் தாமிரபரணிப் பாலத்தைக் கடந்தால் முக்கால் மணிக்குள் வீடு வந்துவிடும். மதுரையில் இறங்கினாலோ திருமங்கலம், விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு என்று ஏறத்தாழ 155 கிலோமீட்டர் வர வேண்டும். சாலை நான்கு வழிச் சாலைதான் என்றாலும் இரண்டரை மணி நேரத்துக்குக் குறைந்து நான் ஒருமுறையும் வந்ததில்லை. வாடகைக் காருக்கான செலவும், எட்டூர்வட்டம், சாலைப்புதூர் சுங்கச்சாவடிகளில் கட்டும் பணமும் சேர்ந்தால், மதுரைப் பயணச்சீட்டில் மிச்சம் பிடித்தது வழியிலேயே கரைந்துவிடும். பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அம்மாவின் கால்வலி. ஒருமுறை கோவில்பட்டியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கியவர், கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு முட்டியை நீட்டி மடக்கியபடி பத்து நிமிடம் நின்றார். பாதங்கள் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தன. அன்றோடு மதுரை வழியை விட்டேன்.

தூத்துக்குடியிலும் குறைகள் உண்டு. விமானங்களின் எண்ணிக்கை குறைவு என்பதால் ஒன்று ரத்தானால் அடுத்ததற்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஏடிஆரில் தலைக்கு மேலுள்ள பெட்டி அறை சிறியது. பின்பக்கக் கதவு வழியாகப் படியேறித்தான் உள்ளே செல்ல வேண்டும் என்பதால் முதியவர்களுக்குக் கைகொடுக்க ஒருவர் கூடவே இருப்பது நல்லது. 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராக நீட்டப்பட்டு, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறக்கப்பட்டிருப்பதால், பெரிய விமானங்கள் வருவதற்கு ஓடுபாதை இனித் தடையாக இருக்காது. என் கணக்கு பகல் பயணங்களை வைத்துப் போட்டது. இரவில் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கிடையே வருபவர்களுக்கு அது மாறலாம்.

சாத்தூருக்கு வடக்கே, விருதுநகர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு மதுரையே சரி. நானும் தனியாகச் செல்லும் நாளில் வாகைக்குளத்து விமான நேரம் ஒத்துவராவிட்டால் மதுரைக்குப் பேருந்து ஏறிவிடுகிறேன். அம்மா உடன் வந்தால் மட்டும், விமான நேரத்துக்கு ஏற்றபடி மருத்துவரிடம் வேறு நாள் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.