நீண்ட பயணத்துக்கு எது: பிளக்-இன் ஹைபிரிடா, முழு மின்சாரக் காரா?

பிளக்-இன் ஹைபிரிட், அதாவது பெட்ரோல் என்ஜினோடு சொருகி சார்ஜ் போடும் பேட்டரியும் உள்ள கார், தினசரி ஓட்டத்துக்கு அருமையான வண்டி. ஆனால் நெடுஞ்சாலையில் அதன் பலம் சீக்கிரம் தீர்ந்துவிடும். பல மாடல்கள் மின்சாரத்தில் மட்டும் 40 முதல் 80 கிலோமீட்டர் வரைதான் ஓடும். அதற்கு அப்புறம் பெட்ரோல் என்ஜின்தான், கூடவே பேட்டரியின் எடையும் சுமை. வழியில் சார்ஜ் போடலாம் என்றால், பல மாடல்களில் வேக சார்ஜிங் வசதியே கிடையாது. ஆனாலும் பங்க்கில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், கிளம்பிவிடலாம். சார்ஜர் அரிதாக இருக்கும் பாதைக்கு இதைத்தான் சொல்வேன்.

முழு மின்சாரக் காரில் ஓட்டும் முறையே மாறும். 80 சதவீதத்தைத் தாண்டியதும் சார்ஜ் ஏறும் வேகம் நன்றாகக் குறைந்துவிடும். அதனால் 100 ஆகும் வரை காத்திருக்க வேண்டாம். 10-15 சதவீதத்தில் சொருகி, 70-80க்குள் கிளம்புங்கள். நல்ல வேக சார்ஜரில் பல கார்களுக்கு இது அரை மணி நேர வேலை, சாப்பிட்டு முடிப்பதற்குள் ஆகிவிடும். சார்ஜரை நேவிகேஷனில் இலக்காக வைத்தால், சில கார்கள் பேட்டரியை முன்கூட்டியே சூடாக்கித் தயார் செய்துகொள்ளும். குளிர்காலத்தில் சார்ஜ் ஏறும் வேகத்தில் இது பெரிய வித்தியாசம் தரும்.

வேகத்திலும் கவனம் வேண்டும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 120க்குப் பதில் 100இல் போனாலே ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், கண்கூடாகக் கூடும்.

சார்ஜர்கள் உள்ள வழி என்றால் என் ஓட்டு மின்சாரக் காருக்கே. அதிர்வில்லாத அந்த ஓட்டத்தில் நாள் முழுக்க ஓட்டினாலும் களைப்பு குறைவு.