மூட்டை விலையா, மாதச் செலவா? பூனை ட்ரேக்கு எது கட்டுப்படியாகும்

வீட்டுக்குள்ளேயே பூனை வளர்ப்பவர்கள், அது கழிக்கும் ட்ரேயில் பரப்புகிற லிட்டரை வாங்கும்போது, கடையில் மூட்டையின் விலையைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அந்த மூட்டை எத்தனை நாள் வரும் என்பதை. பூனை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்கும். நனைந்த பகுதியை மட்டும் அள்ளி எறிய முடிகிறதா, ட்ரேயில் உள்ள மொத்தத்தையும் கொட்ட வேண்டியிருக்கிறதா? செலவும் நாற்றமும் இந்த ஒரு கேள்வியில்தான் அடங்கியிருக்கின்றன.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மணல். தெருமுனையில் கட்டட வேலைக்குக் கொட்டியிருக்கும் குவியலிலிருந்து ஒரு வாளி எடுத்தால் போயிற்று என்பார்கள். அந்தக் குவியல் ஏற்கெனவே தெருப்பூனைகளின் கழிப்பிடம். குடற்புழு முட்டைகளையும் வாளியோடு சேர்த்துத்தான் வீட்டுக்குள் கொண்டுவருகிறோம். போதாக்குறைக்கு, மணல் சிறுநீரை உறிஞ்சாது, அடியில் வடியவிடும். இரண்டே நாளில் கூடம் முழுக்க அமோனியா வாடை. ஆற்று மணலை விலை கொடுத்து வாங்குவதற்கும், எம்-சாண்டின் கல்தூசியைப் பூனையோடு சேர்ந்து சுவாசிப்பதற்கும் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

கிழித்துப் போட்ட செய்தித்தாளுக்கு ஓரிடம் உண்டு. கருத்தடை அறுவை முடிந்த பூனையின் தையலில் துகள் ஒட்டாமல் இருக்கவும், கண்டதையும் வாயில் போடும் சின்னக் குட்டிகளுக்கும் அது ஏற்றது. அன்றாடத்துக்கு ஆகாது.

கடைகளில் அதிகம் விற்பது பென்டோனைட். குஜராத்தின் கட்ச், ராஜஸ்தானின் பார்மேர் பகுதிகளில் தோண்டியெடுக்கும் களிமண் வகை இது. ஈரம் பட்டதும் உப்பி, உருண்டையாக இறுகிக்கொள்ளும். சல்லடைக் கரண்டியால் உருண்டையைத் தூக்கிவிட்டால் மிச்சம் அப்படியே பயன்படும். ஆனால் சிக்கனம் என்று நினைத்து இரண்டு விரற்கடை உயரத்துக்கு மட்டும் பரப்பினால், சிறுநீர் நேரே அடித்தட்டுக்கு இறங்கிப் பசையாக அப்பிக்கொள்ளும். பழைய தோசைத் திருப்பியால் சுரண்ட வேண்டிவரும், சுரண்டும்போது உருண்டை உடைந்து மற்றதையும் கெடுக்கும். ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் உருண்டை நடுவிலேயே நின்றுவிடும். ஆக, தாராளமாகக் கொட்டுபவருக்குத்தான் மூட்டை அதிக நாள் வருகிறது.

இன்னொரு லாபமும் உண்டு. தினமும் உருண்டைகளை எண்ணலாம். ஆண் பூனை ட்ரேயில் முக்கி முக்கி உட்கார்ந்தும் உருண்டையே இல்லையென்றால் சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாத ஆபத்து அது. பென்டோனைட்டின் குறைகள் தூசியும் எடையும். குட்டிகள் விழுங்கினால் வயிற்றிலும் உப்பும் என்பதால், இரண்டு மூன்று மாதம் ஆகும்வரை அவற்றுக்கு வேண்டாம். லாவெண்டர், எலுமிச்சை வாசனை சேர்த்தவற்றை விடுங்கள். அந்த மணம் நமக்காகச் சேர்த்தது, பல பூனைகளுக்குப் பிடிப்பதில்லை.

இதற்கு உண்மையான போட்டி மரத்தூள் குச்சிகள்தான். அழுத்திச் செய்த சிறு உருளைகள். நனைந்ததும் பொடிந்து மரத்தூளாகிவிடும். இங்கே கணக்கு தலைகீழ். சல்லடையில் மேலே நிற்பது நல்லது, கீழே விழுவது கழிவு. அதனால் ஓட்டை போட்ட தட்டும் அடித்தட்டும் உள்ள இரட்டை ட்ரே வேண்டும். அது ஒருமுறைச் செலவு. கொதிகலன் எரிபொருளாக மொத்தமாக விற்கும் குச்சிகள் இன்னும் மலிவு. பசையோ, பெயின்ட் அடித்த பழைய பலகையின் தூளோ கலக்காதவைதானா என்று கேட்டு வாங்குங்கள். மூன்று நான்கு பூனைகள் உள்ள வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். மழைக்காலத்தில் மூட்டையின் வாயை இறுகக் கட்டிவைக்காவிட்டால் குச்சிகள் காற்றின் ஈரத்துக்கே பொடிய ஆரம்பித்துவிடும்.

தென்னை நார்க்கழிவு நன்றாக உறிஞ்சும், மலிவு, நம் ஊரிலேயே கிடைக்கும். ஆனால் கட்டியை உதிர்த்து வெயிலில் காயவைக்கும் வேலை இருக்கிறது. பூனையின் காலில் ஒட்டிக்கொண்டு கட்டில்வரை வரும். சோயா சக்கையில் செய்த டோஃபு லிட்டரில் தூசி குறைவு, பென்டோனைட்டைவிட விலை அதிகம், சென்னையின் ஐப்பசி ஈரத்தில் பூசணம் பிடிக்கும். விலை கூடிய சிலிக்கா ஜெல் மணிகளைப் பற்றி இந்தப் பட்ஜெட்டில் பேச வேண்டியதில்லை.

எதை வாங்கினாலும் சுத்தத்தில் நம் வீடுகள் சறுக்கும் இடம் ஒன்று: பினாயில். ஃபீனால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்து, பிறகு பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். தண்ணீரில் விட்டதும் வெளுக்கிற பழுப்பு நிறக் கிருமிநாசினிகளிலும் இதே ஆபத்து. பிளீச்சிங் பவுடரைச் சிறுநீர் ஊறிய ட்ரேயில் கொட்டினால் அமோனியாவோடு சேர்ந்து குளோரமின் வாயு கிளம்பும். கண்ணும் தொண்டையும் எரிவது நமக்குத்தான். பாத்திரம் கழுவும் சோப்பு, வெந்நீர், பிறகு வெயில். இதுவே போதும்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனையைக் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்லும் உறவினர்கள் எங்கும் இருக்கிறார்கள். அவர்கள் பயப்படுவது கருவைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா கிருமிக்கு. அது பூனையின் மலத்தில் வெளிவந்தவுடனே தொற்றாது. அதற்கு 1 முதல் 5 நாள் ஆகும். ட்ரேயை வேறொருவர் தினமும் சுத்தம் செய்தால் ஆபத்து பெருமளவு குறைந்துவிடும். சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத கீரையும் அதே கிருமியைக் கொண்டுவரக்கூடியவை. அவற்றைப் பற்றி அந்த உறவினர்கள் வாயே திறப்பதில்லை.

அள்ளியதைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள். பென்டோனைட் குழாய்க்குள்ளும் அதே வேலையைத்தான் செய்யும். தாளில் பொதிந்து குப்பையில் சேருங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதானால் பழையதில் கால் பங்கு புதியதைக் கலந்து தொடங்கி, ஓரிரு வாரத்தில் முழுக்க மாற்றுங்கள். ஒரே நாளில் மாற்றினால் பூனை மெத்தையைத் தேடிப் போகும்.