மூளைக்குக் கோகோ: கேப்ஸ்யூலா, கட்டியா, டப்பாவா?

கோகோவில் ஃபிளாவனால் என்று ஒரு வகைச் சேர்மங்கள் இருக்கின்றன. அவற்றில் பேர்போனது எபிகேட்டச்சின். ரத்தக் குழாய்ச் சுவரில் நைட்ரிக் ஆக்சைடு கூடுதலாக உண்டாக இது உதவுகிறது. குழாய் தளர்ந்து ரத்தம் தாராளமாக ஓடுகிறது. 'கோகோ ஞாபகசக்திக்கு நல்லது' என்ற பேச்சு கிளம்பியது இங்கிருந்துதான். சரி, எந்த வடிவில் சாப்பிடுவது?

முதலில் கேப்ஸ்யூல். பெரிய சோதனை நடந்தது அதில்தான். அமெரிக்காவின் காஸ்மோஸ் ஆய்வில் 21,000க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். கோகோ பிரிவில் இருந்தவர்களுக்குத் தினமும் 500 மில்லிகிராம் ஃபிளாவனால். அதன் ஒரு கிளையில் 65 வயதைக் கடந்த 2,262 பேரை 3 ஆண்டுகள் கவனித்தார்கள். 2022இல் வந்த முடிவு: சிந்தனைத் திறனில் கோகோவால் வித்தியாசமே இல்லை. வேடிக்கை என்னவென்றால், கூடவே சோதித்த மல்டிவிட்டமின் மாத்திரைதான் கொஞ்சம் பலன் காட்டியது. இதற்குப் பணம் கொடுத்தவர்களில் சாக்லேட் நிறுவனமான மார்ஸும் உண்டு. அப்படியும் இந்த முடிவு வெளியானதால் எனக்கு அதன்மேல் நம்பிக்கை கூடுகிறது.

3,562 பேர் இருந்த இன்னொரு கிளையின் முடிவு 2023இல் வந்தது. அதிலும் மொத்தமாகப் பார்த்தால் பலன் தெளிவில்லை. ஆனால் சாப்பாட்டில் ஏற்கெனவே ஃபிளாவனால் குறைவாக இருந்தவர்களுக்கு நினைவாற்றல் சற்றுத் தேறியது. நிறைந்த குடத்தில் ஊற்றினால் வழியத்தானே செய்யும்? டீ, ஆப்பிள் எல்லாம் தாராளமாக உள்ளே போகிறவர்கள் கேப்ஸ்யூலுக்குச் செலவழிப்பது வீண் என்பேன்.

டார்க் சாக்லேட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அட்டையில் போட்டிருக்கும் 70 சதவீதம் கோகோவின் அளவு, ஃபிளாவனாலின் அளவு அல்ல. மிச்சத்தில் பெரும்பகுதி சர்க்கரை. ஆசைக்குச் சாப்பிடுங்கள், மருந்தென்று சாப்பிடாதீர்கள்.

என் ஓட்டு கோகோ தூளுக்கு. ஆனால் டப்பாவைத் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும். கசப்பும் புளிப்பும் போக, கோகோவைக் காரத்தில் (மிளகாய்க் காரமல்ல, அமிலத்தை முறிக்கும் அல்கலி) பதப்படுத்துவார்கள். 19ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் தொடங்கி வைத்த வழக்கம், அதனால் 'டச்சு' கோகோ. இதில்தான் ஃபிளாவனால் அடிவாங்குகிறது. 2008இல் வந்த ஓர் ஆய்வில், பதப்படுத்தாத தூளில் கிராமுக்குச் சராசரி 34.6 மில்லிகிராம், நன்றாகக் காரம் ஏற்றியதில் வெறும் 3.9. கணக்குப் போட்டால், 500 மில்லிகிராமுக்கு முன்னதில் 15 கிராம் போதும், பின்னதில் கிட்டத்தட்ட 130 கிராம் வேண்டும். யார் குடிப்பது!

பொருட்கள் பட்டியலில் 'அமிலச் சீராக்கி 501' என்று இருந்தால் அது பெரும்பாலும் டச்சுதான். கறுத்த நிறமும் ஒரு துப்பு. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? வெந்நீரில் ஒரு ஸ்பூன் கரைத்து ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடுங்கள். காரம் ஏற்றாத தூள் என்றால் நுரைத்து நிறம் கறுக்கும்.

அப்புறம், அதை வாழைப்பழத்தோடு மிக்ஸியில் அடிக்காதீர்கள். பழத்தைக் கறுக்க வைக்கும் என்சைம் ஃபிளாவனாலையும் சிதைத்துவிடுகிறது. 2023இல் வெளியான ஒரு சிறிய சோதனையில், வாழைப்பழ ஸ்மூத்தி குடித்தவர்களின் ரத்தத்தில் அதன் உச்ச அளவு 84 சதவீதம் குறைந்திருந்தது. பெர்ரி பழங்கள் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.