உப்புக்கறி பக்கத்தில் நிற்கும் ஒயின் எது?

தமிழ்நாட்டில் சாராயக் கடைக்கு 'ஒயின் ஷாப்' என்று பெயர் வைத்தவர் யாரோ, அங்கே ஒயினைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும். டாஸ்மாக் வந்த பிறகும் சாதாரணக் கடையில் அதே கதைதான். நல்ல ஒயின் வேண்டுமென்றால் எலைட் கடைக்குத்தான் போக வேண்டும். இந்த நிலையில் காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகள் விடுதிகளாக மாறியிருக்கின்றன. முகப்பில் உட்கார்ந்து இரவுச் சாப்பாட்டோடு ஒரு பாட்டில் கேட்கும் விருந்தினர்கள் வருகிறார்கள். 'கறி என்றால் கனமான சிவப்பு ஒயின்' என்று எங்கேயோ படித்ததை வைத்து விடுதிக்காரர்கள் எடுத்துக் கொடுக்கிறார்கள். வெண்ணெயில் வாட்டிய மாட்டுக்கறிக்கு எழுதிய விதி அது. வற்றல் மிளகாய் உடைத்துப் போட்ட ஆட்டுக்கறியிடம் அது செல்லாது.

அதனால் இங்கே ஒவ்வொரு ஒயினுக்கும் இரண்டு மதிப்பெண்: ஒன்று தனியாகக் குடிக்கும்போது, மற்றது இலைக்குப் பக்கத்தில். இரண்டும் 20க்கு. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த 20 மதிப்பெண் முறையை நமக்கேற்ப மாற்றிக்கொண்டது இது. தனிக் கணக்கு: நிறமும் தெளிவும் 2, வாசனை 6, சுவையின் சமநிலை 7, விழுங்கிய பின் நாவில் நிற்கும் நேரம் 3, மொத்தத்தில் பிடித்ததா என்பதற்கு 2. சாப்பாட்டுக் கணக்கு: காரத்தை எரிய விடாமல் இருந்தால் 8, கறியின் ருசியை மறைக்காவிட்டால் 6, கறிக்குப் பிறகும் ஒயினுக்கென்று ஏதாவது ருசி மிச்சமிருந்தால் 6. மதிப்பெண் ரகத்துக்கும் ஊருக்கும்தான். ஒரே ரகத்தில் மோசமான பாட்டிலும் உண்டு.

ஒப்பிட எடுத்துக்கொண்ட பதார்த்தம் மூன்று. உப்புக்கறி (அரைக் கிலோ ஆட்டுக்கறிக்கு 10, 12 வற்றல் மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, நல்லெண்ணெய்). மிளகுக் கோழி வறுவல். புளி ஊற்றிய மீன் குழம்பு. மூன்றும் மூன்று விதமான சோதனை: மிளகாய்க் காரம், மிளகுக் காரம், புளிப்பு. செட்டிநாட்டுச் சமையல் என்றால் ஒரே காரம் என்று வெளியூரில் நினைக்கிறார்கள். ஒயின் விஷயத்தில் மிளகும் மிளகாயும் எதிரெதிர்க் கட்சி.

முதலில் உப்புக்கறியையும் கேபர்நே சாவின்யானையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கலாம். பிரான்ஸின் போர்தோ பகுதியின் பெருமையே இந்தத் திராட்சைதான். தோல் தடிமன், கொட்டை அதிகம். ஒயினில் துவர்ப்பு அதிகம். ஒயின்காரர்கள் டானின் என்று சொல்வது நமக்குத் தெரிந்த துவர்ப்புதான்: வாழைப்பூ, கொட்டைப்பாக்கு, கொதிக்க விட்ட தேநீர். எச்சிலில் இருக்கும் வழவழப்பான புரதத்தைப் பிடித்து உறையவைத்துவிடும். அதனால்தான் வாய் வறண்ட மாதிரி ஆகிறது. ஒரு துண்டு உப்புக்கறியை மென்று விழுங்கி, பத்து நொடி விட்டு ஒரு மிடறு குடித்தால், முதலில் கருந்திராட்சையும் மரப்பீப்பாய் வாசனையும் வரும். நாலைந்து நொடியில் பழம் காணாமல் போகும். ஏற்கெனவே மிளகாயால் சூடேறிய நாவில் துவர்ப்பு உப்புத்தாள் தேய்த்தது போல இறங்கும். கடைசியில் தொண்டையில் எரிச்சலும் ஒரு கசப்பும்தான் மிச்சம். உப்பு கொஞ்சம் கைகொடுக்கிறது, துவர்ப்பையும் கசப்பையும் அது அடக்கும். உப்புக்கறியில் உப்பில்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும்.

மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் சாராயத்தில் (ஆல்கஹாலில்) கரையும், ஆகவே ஒயின் காரத்தைக் கழுவிவிடும் என்று சிலர் வாதிடுவார்கள். 13, 14 சதவீத சாராயத்துக்கு அந்த வலு கிடையாது. மாறாக, நாவில் சூட்டை உணர்த்தும் அதே நரம்பு வாயிலைத்தான் கேப்சைசினும் தட்டுகிறது, சாராயமும் தட்டுகிறது. சாராயம் சேர்ந்தால் அது இன்னும் சீக்கிரம் திறந்துகொள்ளும். அடுப்புக்கு ஊதுகுழல் வைத்த கதை. போர்தோ கேபர்நே: தனியாக 17, உப்புக்கறியோடு 9. பெங்களூருக்கு வடக்கே நந்தி மலைப் பக்கத்தில் விளையும் கேபர்நே, ஷிராஸ் கலவை இதைவிடத் துவர்ப்பு குறைந்தது. தனியாக 15, கறியோடு 11.

ஷிராஸ் கதை வேறு. பிரான்ஸில் சிரா, ஆஸ்திரேலியாவில் ஷிராஸ், திராட்சை ஒன்றே. இதில் மிளகு வாசனை வரும் என்று ஒயின் ருசிப்பவர்கள் வெகுகாலமாகச் சொல்லிவந்தார்கள். காரணம் 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டதில் தெளிவானது: ரோட்டண்டோன் என்ற பொருள். நம் கருமிளகின் வாசனைக்கும் அதுதான் காரணம். லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே சிவப்பு ஒயினில் மூக்குக்குத் தெரிந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசனையே தெரியாது. ஒரே மேசையில் ஒருவர் 'மிளகு தூக்குது' என்பார், பக்கத்திலிருப்பவர் 'எங்கே?' என்பார், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ருசிக் குழுவில் நான்கு பேராவது இருக்க வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

குளிர்ந்த ஊரில் மெதுவாகப் பழுத்த ஷிராஸில் ரோட்டண்டோன் அதிகம். அதனால் வடக்கு ரோன் பள்ளத்தாக்கின் சிராவுக்கு மிளகுக் கோழி வறுவல் சொந்தக்காரன் மாதிரி: தனியாக 17, வறுவலோடு 16. ஆஸ்திரேலியாவின் பரோசா வெயில் ஊர்; அங்கே வரும் ஷிராஸ் ஜாம் போலக் கனம், சாராயம் 14.5 சதவீதத்துக்கு மேலும் போகும். தனியாகக் குடிக்க 16 தரலாம். வறுவலோடு 12, உப்புக்கறியோடு 8. நாசிக் ஷிராஸ், அதிலும் மரப்பீப்பாயில் வைக்காத இளம் ஒயின், தனியாக 14தான் தேறும். ஆனால் 14 டிகிரிக்குக் குளிரவைத்து வறுவலோடு கொடுத்தால் 15. பணத்துக்குப் பரோசாவை விட இதுவே மேல் என்பது எங்கள் கட்சி.

வெள்ளை ஒயினுக்கு வந்தால் ஆட்டம் மாறுகிறது. துவர்ப்பு கிட்டத்தட்ட இல்லை, குளிர்ச்சி உண்டு, புளிப்பு உண்டு. மீன் குழம்புதான் பரீட்சை: சாப்பாட்டின் புளிப்பு ஒயினின் புளிப்பை விட அதிகமானால் ஒயின் சப்பென்று தண்ணீர் மாதிரி இருக்கும். வெப்பமான ஊரில் திராட்சை பழுக்கப் பழுக்கப் புளிப்பு வேகமாக இறங்கிவிடும். நாசிக்கில் கொடியை வருடத்துக்கு இரண்டு முறை வெட்டி, ஒரே அறுவடையை ஜனவரி முதல் மார்ச் வரைக்குள் எடுப்பதற்குக் காரணமே இரவில் குளிரும் மாதங்களில் பழம் முதிரட்டும் என்பதுதான். அங்கே செனின் பிளாங்க் திராட்சை தன் புளிப்பை ஓரளவு காப்பாற்றிக்கொள்கிறது, இலேசான இனிப்போடு வரும் பாட்டில்களும் நிறைய. தனியாக 14, மீன் குழம்போடு 15, உப்புக்கறியோடு 16. எலைட் கடையில் சுலபமாகக் கிடைப்பதில் செட்டிநாட்டு இலைக்கு முதல் கை இதற்குத்தான் போக வேண்டும்.

நியூசிலாந்தின் மார்ல்பரோவில் விளையும் சாவின்யான் பிளாங்க் புளிப்பில் இன்னும் கூர்மை. பச்சைக் குடைமிளகாயும் பம்பளிமாஸும் கலந்த வாசனை. மீன் குழம்பின் புளிக்கு அது ஈடு கொடுக்கும், கறிவேப்பிலைக்கும் ஒத்துப்போகும். ஆனால் இனிப்பு இல்லாததால் மிளகாயை அணைக்கத் தெரியாது. தனியாக 15, குழம்போடு 15, உப்புக்கறியோடு 12.

முதல் இடம் ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரை ரீஸ்லிங்குக்கு, அதிலும் காபினெட் என்று லேபிளில் போட்டதற்கு. வடக்கே 50 டிகிரி அட்சத்தில், பலகைக்கல் சரிவில் விளைவது. சாராயம் பெரும்பாலும் 8, 9 சதவீதம்தான். லிட்டருக்கு 30 முதல் 50 கிராம் சர்க்கரை மிச்சமிருக்கும், அதை மறைக்கும் அளவு எலுமிச்சைப் புளிப்பும் இருக்கும். காரத்துக்கு இனிப்பு, புளிக்குப் புளி, எரிச்சலைக் கூட்டச் சாராயம் இல்லை. பானகம் எந்தக் கணக்கில் வெயிலுக்கு வேலை செய்கிறதோ அதே கணக்கு. தனியாக 17, உப்புக்கறியோடு 18, குழம்போடு 17. வாங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும்: லேபிளில் 'ட்ரோக்கன்' என்று இருந்தால் இனிப்பில்லாத வகை. ஜெர்மன் படிக்கத் தெரியாவிட்டாலும் சாராய அளவைப் பார்த்தால் போதும். 12 சதவீதத்துக்கு மேல் என்றால் நாம் தேடுவது அது இல்லை. நம் ஊரில் கிடைப்பது அரிது, விலையும் கூடுதல். அதனால்தான் செனினை முன்னால் சொன்னது.

பிரான்ஸின் அல்சாஸ் பகுதி கெவுர்ஸ்ட்ரமினரை எல்லாப் பட்டியலும் 'இந்திய மசாலாவுக்கு ஏற்றது' என்று புகழும். ரோஜா, லிச்சிப் பழ வாசனை. அன்னாசிப்பூ, கிராம்பு, சோம்பு, கல்பாசியோடு மூக்கில் சேரும்போது அருமைதான். வாய்க்குள் போனால் குறை தெரியும்: புளிப்பு குறைவு, சாராயம் 13.5க்கு மேல். புளியில்லாத நண்டு மசாலாவுக்கு 15 கொடுக்கலாம். மீன் குழம்பிடம் 10க்கு மேல் தேறாது. பாதிப் புகழ் போதும் இதற்கு.

ரோசே (இளஞ்சிவப்பு ஒயின்) பற்றிச் சுருக்கமாக: நாசிக் ஜின்ஃபண்டல் ரோசே போன்றவை தனியாக 13, மூன்று பதார்த்தத்தோடும் 14 முதல் 15. யாரிடமும் சண்டை போடாது. நுரைக்கும் ஒயினில் 'ப்ரூட்' வகைக்கு லிட்டருக்கு 12 கிராமுக்குள் சர்க்கரை; அதன் குமிழி மிளகாய்ப்பட்ட நாவில் ஊசி குத்தும். கறிக்கு 11. தேன்குழல், சீப்புச்சீடை என்று எண்ணெயும் உப்புமாகப் பொரித்ததற்கு 17.

நம் பக்கத்துத் திராட்சை ஒன்றையும் விட்டுவிடக் கூடாது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, 2023இல் புவிசார் குறியீடு பெற்றது, ஒயின் உலகில் மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். ரோஜாப் பன்னீர் வாசனை தரும் ஜெரானியால் போன்ற பொருள்கள் இதன் தோலில் இருப்பதால் பெயர் பொருத்தமே. இதில் செய்யும் ஒயின் மெல்லிய சிவப்பு, வாசனை அதிகம், எலும்பு (புளிப்பும் துவர்ப்பும் தரும் உறுதி) குறைவு. இலேசான இனிப்போடு குளிரவைத்தால் மசாலாப் பணியாரத்துக்கு நல்ல துணை. பெங்களூர் நீலத் திராட்சையில் செய்த மலிவான 'போர்ட்' வேறு இனம். திராட்சை மிட்டாய் வாசனை அடிக்கும் அதை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.

மதிப்பெண் போடும் முன் சூட்டைச் சரிசெய்யாவிட்டால் மேலே சொன்ன அத்தனையும் வீண். 'சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் கொடு' என்ற விதி 17, 18 டிகிரி அறைக்கு எழுதியது. நம் செட்டிநாட்டு வீட்டுப் பட்டாலைச் சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் சித்திரையில் உள்ளே 32 டிகிரி. அந்தச் சூட்டில் சிவப்பு ஒயின் சாராய நெடிதான் அடிக்கும். ஃபிரிட்ஜில் சிவப்பைக் கொஞ்ச நேரம், வெள்ளையை அதைவிட நெடுநேரம் வைக்கவும். அவசரமென்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு. வெள்ளை அரை மணியில் தயார். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் பாட்டிலை முழுதாகத் தொடாது, இரு மடங்கு நேரமாகும். கொடுக்க வேண்டிய சூடு: வெள்ளை 8 முதல் 10 டிகிரி, கனமில்லாத சிவப்பு 14 டிகிரி, கனமான சிவப்பு 17 டிகிரி. கண்ணாடியில் ஊற்றிய பத்து நிமிடத்தில் நாலைந்து டிகிரி ஏறிவிடும் என்பதால் இரண்டு டிகிரி குறைவாகவே ஆரம்பிக்கலாம்.

ஊற்றுவது ஆளுக்கு 50 மில்லி. 750 மில்லி பாட்டிலில் சிந்தியது போக 14 பேருக்கு வரும். வாய் குறுகி வயிறு அகன்ற கண்ணாடி வேண்டும், எவர்சில்வர் டம்ளரில் வாசனை நிற்காது. பாட்டிலைத் துணியால் சுற்றி எண் ஒட்டவும். லேபிளைப் பார்த்தவுடன் நாக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிடும். இடம் சமையல் நடக்கும் பின்கட்டை விட்டுத் தள்ளி இருக்கட்டும்: தாளிப்பு, ஊதுபத்தி, தலையில் மல்லிகை, மூன்றும் மூக்கைக் கெடுக்கும். வெற்றிலை பாக்கு போட்ட வாயில் ஒரு மணி நேரம் எதையும் மதிப்பிட முடியாது, பாக்கின் துவர்ப்பு எல்லாச் சிவப்பு ஒயினையும் ஒரே மாதிரி ஆக்கிவிடும். இடையில் வாயைச் சுத்தம் செய்ய வெறும் சோறும் தண்ணீரும் போதும். மோர் கொடுக்காதீர்கள், பால் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும், அடுத்த கேபர்நே இருப்பதைவிட மென்மையாகத் தெரியும்.

மதிப்பெண்ணைக் குறைக்கும் முன் பாட்டில் கெட்டதா என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் அதிகம் பார்ப்பது வெந்த ஒயின்: வெயிலில் நின்ற காரின் டிக்கியிலோ தகரக் கூரைக் கிடங்கிலோ கிடந்து, உள்ளே விரிந்து, கார்க் கழுத்துக்கு மேலே கொஞ்சம் தள்ளியிருக்கும், ஓரத்தில் பிசுபிசுப்பு. வாசனை வெந்த ஜாம். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க்கில் பூஞ்சை வேலை. அதற்கு மருந்து கிடையாது, திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். அழுகிய முட்டை வாடையோ, கண்ணாடியில் சுழற்றிப் பத்து நிமிடம் காற்றாட விட்டால் பெரும்பாலும் போய்விடும். மிச்சமிருக்கும் பாட்டில், சிவப்பானாலும் சரி, அடைத்து ஃபிரிட்ஜில் நிற்கவைத்தால் இரண்டு, மூன்று நாள் தாங்கும். சமையலறை அலமாரியில் விட்டால் மறுநாளே காடி வழியில் கிளம்பிவிடும்.

கடைசியில் கவுனி அரிசி வந்தால் மேலே சொன்ன எதையும் ஊற்ற வேண்டாம். பலகாரத்தை விட ஒயின் இனிப்பாக இருந்தால்தான் சேரும், இல்லாவிட்டால் மோசல் கூடப் புளித்த எலுமிச்சை ஜூஸ் ஆகிவிடும். நாசிக்கில் 'லேட் ஹார்வெஸ்ட்' (தாமதமாகப் பறித்த, இனிப்பு மிகுந்த வகை) என்று போட்ட செனின் கிடைத்தால் ஆளுக்கு 40 மில்லி. கிடைக்காவிட்டால் ஒரு டிகிரி காபி.