சின்ன டிரெய்லருக்கு அடாப்டர் வெச்சு வேற வீல் மாட்டப் போறவங்க இதப் படிச்சிட்டுப் போங்க

ராம்நாட் கடற்கரைப் பக்கம் வள்ளம் வெச்சிருக்கவங்க, வண்டிக்குப் பின்னாடி சின்ன டிரெய்லர் கட்டி இன்ஜின், வலை, ஐஸ்பொட்டின்னு ஏத்திட்டு அலையிறவங்க எல்லாரும் தயவுசெஞ்சு படிங்க. வீல் அடாப்டர்னு (வேற வண்டிச் சக்கரத்த மாட்ட நடுவுல வெக்கிற தட்டு) சொல்லி இரும்புத் தகட்ட வெட்டி, சில்வர் பெயின்ட் அடிச்சு, அலுமினியம் ஃபோர்ஜிங்குன்னு (அடிச்சு அமுக்கிச் செஞ்ச பலமான அலுமினியம்) எங்ககிட்ட காசு வாங்கிட்டாரு ஒரு பட்டறைக்காரரு. நடு ரோட்டுல சக்கரம் கழண்டு ஓடிருச்சு. புகார் கொடுத்து அது நடந்துக்கிட்டு இருக்குறதால பட்டறை பேரு ஊரு எதுவும் போடல, ஆனா அவரு செஞ்ச வேலை என்னன்னு ஒண்ணு விடாம சொல்றேன், ஏன்னா இதே வேலைய இன்னும் எத்தனை பேருக்கு செஞ்சு விட்டிருக்காரோ தெரியல.

எங்க டிரெய்லர் பழைய மாருதி 800 கார் ஹப்பு (அச்சு முனையில சக்கரம் மாட்டுற குடம்) போட்டு உள்ளூர்ல அடிச்சது, 12 இஞ்ச் சக்கரம். தார் ரோட்டுல அருமையா வரும். நமக்கு வடகடலும் (பாக் நீரிணைப் பக்கம்) வேணும் தென்கடலும் (மன்னார் வளைகுடாப் பக்கம்) வேணும், கச்சான் காத்து தூக்குனா தென்கடல்ல எறங்க முடியாது, வாடைக்காத்து அடிச்சா வடகடல் ஆகாது, அதனால இன்ஜின தூக்கிக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் போயிட்டுத்தான் இருக்கணும். ஆனா மணல்ல எறக்குனா அந்த சின்ன சக்கரம் அச்சு வரைக்கும் பொதைஞ்சுரும், ஆள் சேர்த்துத் தள்ளணும். அப்பத்தான் மாருதி ஜிப்சி ஜீப்பு வீல் ரெண்டு நல்ல டயரோட கெடச்சுச்சு, 15 இஞ்ச், 205 எம்எம் அகலம், பழைய சக்கரத்த விட கிட்டத்தட்ட அரை அடி உயரம் கூட. மணலுக்கு இத விட என்ன வேணும்.

மாட்டுறதுலதான் சிக்கல். மாருதி 800 ஹப்புல 4 ஸ்டட்டு (நட்டு முடுக்குற போல்ட்டு), அந்த ஸ்டட்டு வட்டத்தோட குறுக்களவு 114.3 எம்எம். ஜிப்சி வீல்ல 5 துளை, 139.7 எம்எம். இந்த அளவத்தான் பிசிடின்னு சொல்றாய்ங்க. நாலு ஸ்டட்டுன்னா எதிரெதிர் ஸ்டட்டுக்கு நடுவுல இருந்து நடுவுக்கு அளந்தாப் போதும், அஞ்சுன்னா எதிர்ல ஸ்டட்டு இருக்காது, அதனால பக்கத்துப் பக்கத்து ரெண்டுக்கு அளந்து 1.7 ஆல பெருக்கணும், ஜிப்சிக்கு 82 எம்எம் வரும், பெருக்குனா கிட்டத்தட்ட 139.7. ரெண்டும் சேராததால நடுவுல ஒரு தட்டு வேணும், அந்தத் தட்டு ஹப்புல 4 நட்டுல உக்காரும், அதுல இருந்து வெளிய நிக்கிற 5 ஸ்டட்டுல வீல் உக்காரும். அதான் அடாப்டர்.

பட்டறைக்காரரு ஒரு சாம்பிள் பீஸ் காட்டுனாரு, பளபளன்னு நல்ல பீஸுதான், எடுத்துப் பாத்தா லேசா இருந்துச்சு. "தம்பி இது 6061 அலுமினியம், ஃபோர்ஜிங்கு, ஸ்டட்டு எல்லாம் 10.9 கிரேடு, வண்டி செத்தாலும் இது சாகாது"ன்னாரு. 6061ங்கறது ஒரு அலுமினியக் கலவை, 10.9ங்கறது போல்ட்டோட பலத்தக் காட்டுற நம்பர். ரெண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 8500 ரூபாய். டிரெய்லர விட்டுட்டுப் போங்க, மாட்டி வெக்கிறேன்னாரு. நாங்க எடுக்கப் போனப்ப வீல் மாட்டி ரெடியா நின்னுச்சு, அடாப்டரு வீலுக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கு, ஓரத்துல சில்வர் கலருதான் தெரியுது. நல்லா கவனிங்க, மாட்டுற நேரத்துல நம்மள அங்க நிக்க விடாம அனுப்புனதே இதுக்குத்தான்.

கொஞ்ச நாள்ல சக்கரத்துப் பக்கம் டக் டக்னு சத்தம். மச்சான் டிரெய்லர திரும்ப அங்கயே ஓட்டிட்டுப் போனாரு. பட்டறைக்காரரு நட்டு முடுக்குற மெஷின் கன்ன வெச்சு வெளிய தெரியிற 5 நட்டையும் டர்ருனு முடுக்கிட்டு "புதுசுல அப்படித்தான்ப்பா, செட் ஆயிரும்"னு அனுப்பிட்டாரு. வீலக் கழட்டவே இல்ல. உள்ள அடாப்டர ஹப்போட பிடிச்சிருக்கே 4 நட்டு, லூஸ் ஆயிருந்தது அதுதான், வீலக் கழட்டாம அதத் தொடவே முடியாது. தொழில் தெரிஞ்ச ஆளு இத தெரியாம செய்யல, கழட்டுனா எங்களுக்கு தெரிஞ்சுருமேன்னுதான் கழட்டலங்கறது இப்ப எனக்கு உறுதி.

அப்புறம் ஒரு நாள் இன்ஜின ரிப்பேருக்கு பாம்பனுக்கு ஏத்திட்டுப் போறப்ப, வேதாளை தாண்டுனதும், எடது சக்கரம் அடாப்டர் துண்டோட சேர்ந்து கழண்டுருச்சு. வண்டிய முந்திக்கிட்டு ஓடி ரோட்டக் குறுக்கால வெட்டி எதிர்ப்பக்கம் கருவேலங்காட்டுக்குள்ள போயி விழுந்துச்சு. எதிர்ல பைக்குல புருசன் பொண்டாட்டி, நடுவுல ஒரு சின்னப்புள்ள, அவங்க முன்னாடி ரெண்டாள் தூரத்துல சக்கரம் கடந்து போச்சு. அந்தப் பொண்ணு போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. டிரெய்லர் ஹப்பு தார்ல இழுத்துக்கிட்டே போயி நின்னுச்சு, இன்ஜின் சரிஞ்சு ப்ரொப்பெல்லர் பக்கம் அடி. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயி பாம்பன் பாலத்து மேல நடந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சுப் பாருங்க, ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நீளம், ஒதுங்க எடம் கெடையாது, கடலப் பாக்க சனம் எறங்கி ஓரமா நிக்கிற எடம்.

வீட்டுக்குக் கொண்டு வந்து இன்னொரு பக்க வீலையும் கழட்டுனோம். அண்ணன் ஸ்பீக்கர் காந்தம் ஒண்ண எடுத்து வெச்சாரு, டப்புனு ஒட்டிக்கிச்சு. அலுமினியத்துல காந்தம் ஒட்டுமா? பெயின்ட சொரண்டுனா சாதாரண எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) இரும்புத் தகடு, கேஸ் கட்டிங்ல வெட்டுன தழும்பு ஓரத்துல அப்படியே இருக்கு. நடு ஓட்டை ஹப்போட மேட்டுல கச்சிதமா உக்காரணும், இது சுத்தியும் விரல் நுழையிற அளவு தொளதொளன்னு கெடக்கு, அப்ப மொத்த பாரமும் போல்ட்டு மேலதான். மாருதி நட்டு முனை கூம்பா இருக்கும், அதுக்குத் தகுந்த கூம்புப் பள்ளம் தட்டுல கடையணும், இவரு நேரா டிரில் போட்டு விட்டுட்டாரு, நட்டு துளையோட ஓரத்துல மட்டும் கடிச்சு நிக்கிது. ரெண்டு முகம் சேர்ற எடத்துலயும் மொத்தமா பெயின்டு, அது நசுங்க நசுங்க நட்டு தன்னால லூஸ் ஆகும். அஞ்சு ஸ்டட்டையும் பின்னாடி வெல்டிங் வெச்சு ஒட்டியிருக்காரு. 10.9 கிரேடு ஸ்டட்டே ஆனாலும் வெல்டிங் சூடு பட்டா அந்த பலம் போயிரும், ஆனா இதுல கிரேடு நம்பரே எந்த ஸ்டட்டு தலையிலயும் இல்ல.

விரிசல் எங்க விட்டிருக்குன்னு பாத்ததுதான் எனக்குப் பெரிய பாடம், இத யாருமே சொல்ல மாட்டேங்கறாய்ங்க. 4 துளையையும் 5 துளையையும் ஒரே தட்டுல போடும்போது நீங்க எப்படித் திருப்பி வெச்சாலும் நாலுல ஏதாவது ஒரு துளைக்கும் அஞ்சுல ஒரு துளைக்கும் நடுவுல 9 டிகிரிக்கு மேல எடைவெளி கெடைக்காது. 114.3க்கு 139.7ன்னு கணக்குப் போட்டா நடுவுக்கு நடு வெறும் 16 எம்எம்தான் வருது, அதுவும் ரொம்ப நல்லா அமைஞ்சா. அதுக்குள்ள ஒரு பக்கம் 12 எம்எம் ஸ்டட்டு, இன்னொரு பக்கம் நட்டும் ஸ்பானரும் போற அளவுக்குப் பள்ளம், ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஏறிரும், நடுவுல இரும்பே மிச்சம் இருக்காது. எங்க தட்டு சரியா அந்த எடத்துலதான் பிளந்திருக்கு. ஒழுங்கான கம்பெனி அடாப்டரு இந்த மாதிரி அளவுக்கு ஏன் அவ்வளவு தடிமனா வருதுன்னு அப்பத்தான் புரிஞ்சுச்சு. தடிமன் கூடுனா வீல் அந்த அளவுக்கு வெளிய தள்ளி நிக்கும், பேரிங்குக்கும் அச்சு முனைக்கும் பாரம் ஏறும், அது வேற கதை.

பட்டறைக்குப் போயி துண்டக் காட்டிக் கேட்டோம். "ஓவர்லோடு ஏத்துனா நான் என்ன பண்றது"ன்னாரு. இன்ஜின், ரெண்டு வலை, ஒரு ஐஸ்பொட்டி, இது ஓவர்லோடாண்ணே? அப்புறம் "நான் அலுமினியம்னு சொல்லவே இல்லையே"ன்னாரு, சாம்பிள் பீஸக் கேட்டா அது வித்துப்போச்சாம். பில்லுன்னு கொடுத்தது எஸ்டிமேட்னு அச்சடிச்ச துண்டுச்சீட்டு, ஜிஎஸ்டி நம்பர் கெடையாது, அதுல "வீல் வேலை"ன்னு மட்டும் எழுதியிருக்கு. எனக்கு வயித்தெரிச்சல் காசுல இல்ல, அந்தப் புள்ளைய நெனச்சுத்தான். அதச் சொல்லியும் அவரு மொகத்துல ஒரு அசைவு இல்ல.

1915க்கு போன் பண்ணி நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிஞ்சாச்சு, தமிழ்லயே பேசலாம். அங்க முடியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடுவோம், நாம கொடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் கெடையாது, நடந்த தேதியில இருந்து 2 வருசத்துக்குள்ள போடணும். ஜிபேல அனுப்புன பணம்தான் இப்ப எங்களுக்கு சாட்சி, அதனால கையில காசு கொடுக்காதீங்க. பில்லுல என்ன மெட்டீரியல், என்ன அளவுன்னு எழுத வைங்க, எழுத மாட்டேன்னா வெளிய வந்துருங்க.

டிரெய்லர் இப்ப அடாப்டரே இல்லாம ஓடுது. அச்சு முனைய லேத்துல கடைஞ்சு ஜிப்சி ஹப்பையே பேரிங்கோட போட்டுட்டோம், செலவு கூடத்தான். அவ்வளவு முடியாதவங்க பழைய சக்கரத்தையே வெச்சுக்கிட்டு மணல்ல எறங்குறப்ப டயர் காத்த 15, 18 பிஎஸ்ஐக்கு எறக்கி விட்டு, ரோட்டுக்கு ஏறுனதும் திரும்ப அடிச்சுக்கங்க, பாதி பிரச்சனை தீரும், ஒரு சின்ன பம்ப்பு போதும். அதோட டிரெய்லர கடல் தண்ணிக்குள்ள எறக்குறவங்க ஓடி வந்த சூட்டோட ஹப்ப முக்காதீங்க, சூடான ஹப்பு சட்டுனு ஆறும்போது உப்புத்தண்ணிய உள்ள இழுத்துக்கும், கிரீஸ் பால் மாதிரி ஆயிரும். அலுமினிய அடாப்டரே ஒரிஜினலா போட்டிருந்தாலும் இரும்பு ஹப்போட உப்புத்தண்ணி சேர்ந்தா அலுமினியத்த அரிக்கும், அதையும் அடிக்கடி கழட்டிப் பாக்கணும்.

ஏற்கனவே அடாப்டர் போட்டு ஓட்டிக்கிட்டு இருக்கவங்க, குறிப்பா 4 ஸ்டட்டு ஹப்புக்கு 5 துளை வீல் போட்டவங்க, அடுத்த தடவ டிரெய்லர மாட்டுறதுக்கு முன்னாடி வீலக் கழட்டி ஒரு காந்தத்த வெச்சுப் பாருங்க, உள் நட்டு நாலையும் டார்க் ரெஞ்சுல (எவ்வளவு இறுக்கம்னு அளவு காட்டுற ஸ்பானர்) பாருங்க, ஒட்டி ஒட்டி இருக்குற ரெண்டு துளைக்கு நடுவுல பெயின்ட சொரண்டிப் பாருங்க. முடி மாதிரி ஒரு கோடு தெரிஞ்சாலும் அத வண்டியில திரும்ப ஏத்தாதீங்க, தூக்கியும் போடாதீங்க, போட்டோ எடுத்து பில்லோட சேர்த்து வைங்க. எங்க உடைஞ்ச துண்டு ரெண்டும் உச்சிப்புளியில வீட்டுலதான் இருக்கு, நேர்ல பாக்கணும்னா சொல்லிட்டு வாங்க, காட்டுறேன்.