மொனாக்கோ 2007: பெட்டி அசல், உள்ளே இருந்த 2 யூரோ போலி

மொனாக்கோவின் 2007 கிரேஸ் கெல்லி 2 யூரோ நாணயம் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று விளம்பரம் கண்டால், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் சேகரிப்பாளர் வட்டத்தைச் சேர்ந்த ஒருவர் அண்மையில் இதே நாணயத்தில் 1,400 யூரோவை இழந்தார். விற்றவர் யார், எந்தத் தளத்தில் விற்றார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. புகார் போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது. எப்படி ஏமாற்றினார்கள், எங்கே பிடித்திருக்கலாம் என்பதுதான் மற்றவர்களுக்குப் பயன்படும்.

முதலில் இந்த நாணயத்துக்கு ஏன் இவ்வளவு விலை என்று பார்த்துவிடலாம். 2 யூரோ நினைவு நாணயங்கள் 2004-இல் தொடங்கின. அந்த ஆண்டு கிரீஸ் ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸுக்காக 3.5 கோடி நாணயங்கள் அடித்தது. இளவரசி கிரேஸ் கெல்லி மறைந்து 25 ஆண்டுகள் ஆனதை ஒட்டி மொனாக்கோ 2007-இல் அடித்ததோ வெறும் 20,001. அதற்கும் குறைவாக அடிக்கப்பட்டவை பிறகு வந்தன. மொனாக்கோவே 2015-இல் 10,000 மட்டும் வெளியிட்டது. ஆனாலும் விலையில் கிரேஸ் கெல்லியை எதுவும் எட்டவில்லை. இன்று நல்ல நிலையில் உள்ள அசல் ஒன்று இரண்டாயிரம் யூரோவைத் தாண்டித்தான் விற்கிறது. உள்ளூர்க் கடையில் 2 யூரோவாகச் செலவழிக்கக்கூடிய ஓர் உலோக வட்டுக்கு இந்த விலை என்றால், போலி அடிப்பவன் சும்மா இருப்பானா?

நடந்தது இது. தனிநபர் விற்பனை விளம்பரம். ஆறு படங்கள்: மூடிய பெட்டி, திறந்த பெட்டி, சான்றிதழ், காப்ஸ்யூலுக்குள் (நாணயத்தை மூடிவைக்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் கூடு) நாணயத்தின் இரு பக்கங்கள், எல்லாவற்றையும் சேர்த்து ஒன்று. விளிம்பைக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. கேட்டபோது, "காப்ஸ்யூலைத் திறந்தால் மதிப்புப் போய்விடும்" என்று பதில் வந்தது. வீடு மாறுவதால் அவசரம் என்றார், வேறு இருவரும் கேட்கிறார்கள் என்றார். வங்கிக் கணக்குக்கு நேரடிப் பரிமாற்றம் தவிர வேறு வழியில் பணம் வாங்க மறுத்தார். பதிவு அஞ்சலில் பொட்டலம் ஒழுங்காக வந்து சேர்ந்தது. பெட்டியையும் சான்றிதழையும் இன்னொரு சேகரிப்பாளரின் அசலோடு ஒப்பிட்டோம். இரண்டும் உண்மையானவை. வெறும் பெட்டிகள் சந்தையில் தனியாகவே கைமாறுகின்றன, ஆகவே இது அபூர்வமான சங்கதி இல்லை. சான்றிதழ் அந்தப் பெட்டிக்குள் முதலில் என்ன இருந்தது என்பதைச் சொல்லும். இப்போது என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது.

நாணயத்தை எடைபோட்டபோது 8.02 கிராம் காட்டியது. 2 யூரோவின் விதிக்கப்பட்ட எடை 8.50 கிராம், விட்டம் 25.75 மி.மீ., தடிமன் 2.20 மி.மீ. ஏறக்குறைய அரை கிராம் குறைவு என்பது தேய்மானத்தால் வரக்கூடியது அல்ல, அதுவும் காப்ஸ்யூலை விட்டு வெளியே வராத நாணயத்தில். 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு எல்லோருக்கும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கிறது. அதன் எண்ணை மட்டும் நம்பாமல், கடையில் மீதியாக வந்த சாதாரண 2 யூரோ ஒன்றையும் அதே தராசில் வைத்துப் பாருங்கள். தராசே தவறாகக் காட்டினால் இரண்டிலும் அதே அளவு தவறும். தேய்ந்த நாணயம் மிகச் சிறிதளவு குறையலாம், அதைக் கண்டு பதற வேண்டாம்.

அடுத்தது காந்தம். காப்ஸ்யூலைத் திறக்காமலே செய்யக்கூடிய ஒரே நம்பகமான சோதனை இது. 2 யூரோவின் வெளிவளையம் செம்பும் நிக்கலும் கலந்த வெள்ளை உலோகம், 75-க்கு 25. அது காந்தத்துக்கு அசையாது. நடுவட்டம் மூன்று அடுக்கு: மேலும் கீழும் மஞ்சள் நிற நிக்கல் பித்தளை, நடுவில் தூய நிக்கல். அந்த நிக்கல் தகட்டை மட்டும் காந்தம் இழுக்கும். நல்ல நியோடிமியம் காந்தத்தை நடுவில் கொண்டுபோனால் நாணயம் வந்து ஒட்டும், ஆனால் இரும்பு ஆணியைப் போல வெடுக்கென்று ஒட்டாது, விரலால் லேசாக நகர்த்தினாலே விடும். காந்தத்தை ஒரு தாளில் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பளபளப்பான பரப்பில் கீறல் விழும். போலிகள் இங்கே இரண்டு விதமாக மாட்டும். ஒன்று, நடுவட்டம் ஒரே உலோகத்தில் இருப்பதால் இழுப்பே இராது. மற்றது, எஃகின் மேல் பூச்சுப் பூசியிருப்பதால் வளையம் உட்பட முழு நாணயமும் பலமாகப் பாயும். நாம் பார்த்தது முதல் வகை. காந்தத்துக்கு அசையவே இல்லை.

விளிம்பில்தான் சந்தேகமே இல்லாமல் மாட்டியது. 2 யூரோவின் விளிம்பில் நுண்ணிய வரிகளுக்கு மேல் எழுத்து பதிந்திருக்கும். அது நாட்டுக்கு நாடு மாறும். மொனாக்கோவின் நாணயங்களைப் பாரிஸ் நாணயசாலைதான் அடிக்கிறது. எனவே பிரான்ஸின் விளிம்பே அதற்கும்: ஒரு '2', இரண்டு நட்சத்திரம், இப்படி ஆறு முறை, ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாக. சுற்றிவர எண்ணினால் ஆறு '2', பன்னிரண்டு நட்சத்திரம் வர வேண்டும். போலியில் ஐந்து '2' மட்டுமே இருந்தன, எல்லாமே ஒரே திசையில். கடையில் புழங்கும் பிரெஞ்சு 2 யூரோவை எடுத்துப் பக்கத்தில் உருட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். விற்பவர் விளிம்பின் படம் தர மறுத்ததற்குக் காரணமும் அதுதான்.

வேறு நாட்டு நாணயம் வாங்குவோருக்காக: இத்தாலி, சான் மரினோ, வாத்திக்கான் மூன்றிலும் '2', ஒரு நட்சத்திரம் என்று ஆறு முறை. ஜெர்மனியில் 'ஒற்றுமை, நீதி, சுதந்திரம்' என்று பொருள்படும் ஜெர்மன் வாசகமும் கழுகும். ஃபின்லாந்தில் நாட்டின் பெயர் இரு மொழியிலும், கூடவே மூன்று சிங்கத் தலை. ஆஸ்திரியாவில் '2 யூரோ' என்ற எழுத்தும் மூன்று நட்சத்திரமும் நான்கு முறை. ஒரே அச்சில் பல நாட்டு நாணயங்களுக்கும் விளிம்பு அடிக்கும் போலிக்காரர்கள் இந்த வேறுபாட்டில்தான் அதிகம் தவறுகிறார்கள்.

இன்னொரு பக்கத்திலும் ஒரு பொறி உண்டு. 2 என்ற எண் இருக்கும், எல்லா நாட்டுக்கும் ஒன்றேயான பொதுப்பக்கத்தின் வரைபடம் 2007-இல் மாற்றப்பட்டது. பழையதில் அன்றைய 15 உறுப்பு நாடுகள் தனித்தனியாகப் பிரித்துக் காட்டப்பட்டிருக்கும். புதியதில் எல்லைக்கோடு இல்லாமல் ஐரோப்பா முழுதாக இருக்கும். ஆகவே 2004-இன் வாத்திக்கான், சான் மரினோ, ஃபின்லாந்து நினைவு நாணயங்களில் புதிய வரைபடம் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை, போலி. எதிர்த்திசையில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: ஜெர்மனியின் 2008 ஹாம்பர்க் நாணயத்தில், ஸ்டுட்கார்ட் நாணயசாலையின் 'எஃப்' குறியுள்ளவற்றில் ஒரு பகுதி தவறுதலாகப் பழைய வரைபடத்தோடு வெளிவந்தது. அது அசல் பிழை, சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுப்பார்கள். மற்ற ஜெர்மன் நாணயசாலைகளின் ஏ, டி, ஜி, ஜே குறிகளோடு அதே கதையைச் சொல்லி யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

அச்சின் திசையையும் பாருங்கள். நாணயத்தின் மேல், கீழ் ஓரங்களை இரு விரலால் பிடித்துச் சுற்றினால் மறுபக்கமும் நேராகவே வர வேண்டும். நன்றாகச் சாய்ந்து வந்தால் மற்ற சோதனைகளையும் ஒன்றுவிடாமல் செய்யுங்கள்.

போலியே இல்லாமல் ஏமாற்றுவது இன்னொரு பெரிய தொழில். அசல் நாணயத்தின் மேல் தங்கமுலாம் பூசியோ, வண்ணப்படம் ஒட்டியோ, ஒரு மரப்பெட்டியில் வைத்து 30, 40 யூரோவுக்கு விற்கிறார்கள். தங்கத்தின் அளவு கணக்கில் எடுக்கக்கூடியதே அல்ல. பரப்பு கெட்டுப்போனதால் சேகரிப்பாளர் யாரும் திரும்ப வாங்க மாட்டார், வேண்டுமென்றே மாற்றப்பட்ட நாணயம் என்று வங்கியும் மாற்றித் தர மறுக்கலாம். நாணயசாலைகள் தாமே வண்ணத்தோடு வெளியிட்டவை சில உண்டு. அவை அந்தந்த நாணயசாலையின் வெளியீட்டுப் பட்டியலில் இருக்கும், அங்கே இல்லாதது தனியார் வேலை.

முதல் நாணயத்தை 2 யூரோவுக்கே, அஞ்சல் செலவும் இல்லாமல் தருகிறோம் என்னும் தபால் விற்பனையில் சிக்கியவர்கள் நிறைய. சிறிய எழுத்தில் இருப்பது: மாதாமாதம் ஒரு நாணயம் "பார்வைக்கு" வரும், பிடிக்காவிட்டால் குறித்த நாட்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் கட்டணம். வருவதும் பெரும்பாலும் மேலே சொன்ன முலாம் பூசிய வகைதான். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, கேட்காமல் அனுப்பிய பொருளுக்கு நுகர்வோர் பணம் கட்டத் தேவையில்லை. வணிகரிடம் தொலைவிலிருந்து வாங்கியதை 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துசெய்யலாம். ஆனால் அந்த முதல் 2 யூரோ ஆர்டரிலேயே தொடர் அனுப்புதலுக்குச் சம்மதித்ததாக அவர்கள் வாதிடுவார்கள். அதனால் முதல் பொட்டலம் வந்த அன்றே ரத்துக் கடிதத்தை எழுத்தில் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னதைப் பிறகு நிரூபிப்பது கடினம்.

"அபூர்வப் பிழை" என்று வருபவற்றில் இரண்டு மிகவும் அடிபடுகின்றன. கிரீஸின் 2002 நாணயத்தில் கீழ் நட்சத்திரத்துக்குள் 'எஸ்' எழுத்து: அது ஃபின்லாந்தில் அடித்ததற்கான குறி, கோடிக்கணக்கில் புழங்குகிறது. விளிம்பு எழுத்து தலைகீழாக இருப்பது: விளிம்பை அடித்த பிறகே முகம் அடிக்கப்படுவதால், புழக்கத்துக்கான நாணயம் எந்தப் பக்கம் திரும்பி விழும் என்பது தற்செயல். பாதிக்குப் பாதி அப்படித்தான் இருக்கும். பிரிட்டன், டென்மார்க், ஸ்வீடன் பெயரில் வரும் 'மாதிரி யூரோ'க்கள் தனியார் பதக்கங்கள், நாணயமே அல்ல.

தாளில் சுற்றிய நாணய அடுக்கான ரோல் வாங்குவோர் ஒன்றைக் கவனியுங்கள். 2 யூரோ ரோலில் 25 நாணயம், மதிப்பு 50 யூரோ, தாள் நீங்கலாக 212.5 கிராம். இரு முனையிலும் நினைவு நாணயம் வைத்து, நடுவில் சாதாரண 2 யூரோவை அடுக்கி மறுபடி சுற்றியவை விற்பனைக்கு வருகின்றன. எடையும் நீளமும் சரியாகவே இருக்கும் என்பதால் தராசு இதில் உதவாது. முனைமடிப்பு கையால் மடித்ததுபோல் ஒழுங்கற்றிருந்தால், விற்பவர் முன்னாலேயே பிரித்துப் பாருங்கள்.

இனி, பெரிய விலை நாணயம் வாங்கும்போது செய்ய வேண்டியது. விற்பவரிடம் நான்கு படம் கேளுங்கள்: தராசின் மேல் நாணயம், விளிம்பு முழுவதும் தெரியும்படி மூன்று கோணம், அன்றைய தேதி எழுதிய துண்டுத்தாள் எல்லாப் படத்திலும். காப்ஸ்யூலைத் திறக்க முடியாது என்றால் நேரில் சந்திக்கக் கேளுங்கள், தராசும் காந்தமும் கையில் எடுத்துப்போங்கள். கண்ணியமான விற்பனையாளர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். ஐரோப்பாவுக்கு வெளியே, ஊரிலிருந்து வாங்குவோர், பாரிஸிலோ பெர்லினிலோ உள்ள உறவினரை அனுப்பிப் பார்க்கச் சொல்வது நல்லது. அவருக்கு நாணயம் பற்றி எதுவும் தெரியாவிட்டாலும், '2' எத்தனை என்று எண்ணச் சொன்னால் போதும். நேரடி வங்கிப் பரிமாற்றமும், 'நண்பர்களுக்கு அனுப்புதல்' என்ற வகைப் பணம் அனுப்பலும் வேண்டாம். இரண்டிலும் வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது.

பொட்டலத்தைப் பிரிக்கும்போது அஞ்சல் முகவரித்தாள் தெரியும்படி ஆரம்பம் முதல் எடைபோடுவது வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். "நீங்களே மாற்றிவைத்துவிட்டீர்கள்" என்ற பதிலுக்கு அதுதான் மறுப்பு. இந்த விஷயத்தில் அந்தப் பதிலும் வந்தது. பிறகு "தனிநபர் விற்பனை, திரும்பப் பெற மாட்டோம்" என்ற வரியையும் காட்டினார்கள். ஜெர்மனியில், விளம்பரத்தில் அசல் என்று எழுதிவிட்டு அந்த வரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. எனவே விளம்பரப் பக்கத்தை, அது நீக்கப்படும் முன், முழுதாகப் படம்பிடித்து வையுங்கள்.

போலி என்று தெரிந்த நாணயத்தைச் சாதாரண அஞ்சலில் விற்றவருக்கே திருப்பி அனுப்பாதீர்கள். சாட்சியமும் போகும், அதே நாணயம் அடுத்தவரிடமும் போகும். செலவழித்துக் கழித்துவிடலாம் என்று நினைப்பதும் குற்றம். காவல்துறையில் புகார் கொடுத்து நாணயத்தை அங்கேயோ அந்நாட்டு மத்திய வங்கியிலோ ஒப்படையுங்கள். ஜெர்மனியில் அது மைன்ஸ் நகரிலுள்ள மத்திய வங்கியான புண்டஸ்பாங்கின் ஆய்வு மையத்துக்குப் போகும். போலி என்று உறுதியானால் நாணயம் திரும்ப வராது, 2 யூரோகூடத் தர மாட்டார்கள். ஆகவே ஒப்படைக்கும் முன் எடை, விட்டம், இரு முகம், முழு விளிம்பு எல்லாவற்றையும் படமெடுத்து, ஒப்படைத்ததற்கான ரசீதையும் கேட்டு வாங்குங்கள். விற்றவர் மீதான வழக்கில் உங்கள் கையில் மிஞ்சுவது அந்த ரசீதும் படங்களும்தான்.