கர்ப்பகால ஹெல்த் கோச்சிங்: 12 வாரம் பணம் கட்டிச் சேர்ந்த அனுபவம்

இரண்டாவது குழந்தைக்கு 24வது வாரத்தில் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்து டெஸ்ட் எடுத்தார்கள், 2 மணி நேரம் கழித்து 156 வந்தது. 140 தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். டாக்டரிடம் ஐந்து நிமிடம் கிடைத்தது. சோற்றைக் குறைங்க, நடங்க, இரண்டு வாரத்தில் திரும்ப வாங்க என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, வெளியே அவ்வளவு பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்றால், எதை எவ்வளவு குறைப்பது, குறைத்த இடத்தில் எதை வைப்பது என்று ஒன்றும் புரியவில்லை. அதனால்தான் போனிலேயே வழிகாட்டும் ஒரு சேவையில் 12 வாரத்துக்கு 6,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். குறைகளும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயர் போடவில்லை.

முதல் இரண்டு வாரம் வீண். கொடுத்த அட்டவணையில் ஓட்ஸ், புரோக்கோலி, அவகாடோ என்று இருந்தது. திருச்சியில் ஒரு கூட்டுக் குடும்பத்தில், ஆறு பேருக்குச் சமைக்கும் வீட்டில், எனக்கு மட்டும் தனியாக இதையெல்லாம் யார் செய்வது? கேள்வி கேட்டால் ஒரு நாள் கழித்துப் பதில் வரும், நடுவில் புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்லி வேறொருவர் போன் பண்ணுவார். கர்ப்பிணியின் பயத்தை வைத்து டப்பா விற்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கோபமாகவே எழுதி அனுப்பினேன், வேறு டயட்டீஷியனை மாற்றிக் கொடுத்தார்கள்.

அவர் வந்த பிறகுதான் கொடுத்த பணத்துக்குப் பலன் தெரிந்தது. முதல் போனில் எதையும் தவிர்க்கச் சொல்லவில்லை. மூன்று நாள் என்ன சாப்பிடுகிறேனோ அதை அப்படியே படம் எடுத்து, 2 மணி நேரம் கழித்துச் சர்க்கரை அளவையும் சேர்த்து அனுப்பச் சொன்னார். 120க்குள் இருக்க வேண்டும். நாலு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிட்ட அன்று 158. இரண்டு இட்லி, ஒரு அவித்த முட்டை, பருப்பு கெட்டியாகப் போட்ட சாம்பார் என்று மாற்றியதும் 117. எனக்குப் பெரிய அதிர்ச்சி கேழ்வரகுக் கஞ்சிதான். சர்க்கரைக்கு நல்லது என்று தினமும் காலையில் குடித்துக்கொண்டிருந்தேன், அளந்து பார்த்தால் 171! மாவைக் கரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் சீக்கிரம் செரித்துச் சர்க்கரை வேகமாக ஏறும், அதையே முருங்கைக்கீரை போட்டு ஒரு அடையாகச் சுட்டு, கூட சுண்டல் வைத்துச் சாப்பிடுங்கள் என்றார். மதியம் சோற்றை ஒரு கப்பாகக் குறைத்து, கூட்டும் பொரியலும் இரண்டு பங்கு. இதில் தனிச் சமையல் என்று எதுவுமே இல்லை.

அவர் செய்ததிலேயே நான் மறக்காதது, என் மாமியாரிடம் பேசியதுதான். "இரண்டு உயிருக்குச் சாப்பிடணும்மா" என்று அத்தை அன்போடு தட்டை நிரப்புவார், ரத்தம் ஊறட்டும் என்று தினமும் மாதுளை ஜூஸ் வேறு. என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. அவர் ஸ்பீக்கரில் அத்தையிடம் இருபது நிமிடம் பொறுமையாகப் பேசினார். நான் கர்ப்பமாவதற்கு முன்பே பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு) 27, அதாவது எடை கொஞ்சம் கூடுதல் என்பதால் மொத்தமாக 7 முதல் 11.5 கிலோ வரை கூடினால் போதும், ஜூஸுக்குப் பதில் ஒரு கைப்பிடி மாதுளை முத்தாகவே கொடுங்கள் என்று விளக்கினார். அன்றிலிருந்து குளுக்கோமீட்டர் நம்பரை என்னைவிட முன்னால் பார்ப்பவர் அத்தைதான்.

ரத்த விஷயமும் இருக்கிறது. ஹீமோகுளோபின் 9.8 இருந்தது, இரும்பு மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் ஏறவில்லை. எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டார். காலை டீயோடு, கூடவே கால்சியம் மாத்திரையும். அங்கேதான் தப்பு, டீயும் கால்சியமும் இரும்பைச் சேரவிடாது. இரும்பைப் பதினோரு மணிக்குச் சர்க்கரை போடாத எலுமிச்சைத் தண்ணீரோடும், கால்சியத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகும் மாற்றினோம். பத்து வாரத்தில் 11.1. மாத்திரையின் அளவைப் பற்றிக் கேட்டால் மட்டும், அது டாக்டர் சொல்ல வேண்டியது என்று நிறுத்திக்கொள்வார். அந்த எல்லை தெரிந்தவர் என்பதால்தான் நம்பிக்கை வந்தது.

நடையும் அப்படித்தான். சித்திரை வெயிலில் எங்கே நடப்பது? ஒவ்வொரு வேளை சாப்பிட்டதும் பத்து, பதினைந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயோ மொட்டை மாடியிலோ நடந்தால் போதும் என்றார். வாரத்துக்கு 150 நிமிடம் நடக்க வேண்டும் என்ற கணக்கு அதிலேயே தேறிவிட்டது.

எல்லோரும் இதற்குக் காசு கட்ட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு பண்ணியிருந்தால் உங்கள் பகுதி நர்ஸம்மாவிடம் உட்கார்ந்து கேளுங்கள், மாதாமாதம் 9ஆம் தேதி நடக்கும் இலவசப் பரிசோதனை முகாமுக்கும் போங்கள். கட்டிச் சேர்வதாக இருந்தால் ஒன்பது மாத பேக்கேஜை மொத்தமாக வாங்க வேண்டாம். ஒரு மாதம் பாருங்கள், யார் பேசப் போகிறார், அவர் படித்தது என்ன, ஆள் மாற்றிக் கேட்டால் தருவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

எனக்கு இன்சுலின் தேவைப்படவில்லை, பாப்பா 2.9 கிலோ. பேக்கேஜ் 37வது வாரத்தோடு முடிந்துவிட்டது. ஆனாலும் குழந்தைக்கு ஆறு வாரம் ஆனபோது அந்த டயட்டீஷியனிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது, சர்க்கரை டெஸ்ட்டை இப்போது ஒருமுறை எடுத்துவிடுங்கள், பின்னாளில் சர்க்கரை நோய் வர வாய்ப்பு அதிகம், வருடா வருடமும் பாருங்கள் என்று. தூக்கமில்லாமல் கிடந்த எனக்கு அது சுத்தமாக நினைவிலேயே இல்லை. அடுத்த நாளே போய் எடுத்தேன், நார்மல். அந்த நிறுவனம் இதைப் பேக்கேஜிலேயே சேர்க்க வேண்டும், அவர்களுக்கும் எழுதியிருக்கிறேன்.